குழுவை விட்டார், பாட்டை விடவில்லை: ரிச்சர்ட் தாம்ப்சனைத் தெரியுமா?

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட இசைத்தட்டுகளிலேயே மிகக் குறைவாக விற்றது எது தெரியுமா? ‘ஹென்றி தி ஹ்யூமன் ஃப்ளை’ என்று இசை ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1972-ல் வந்தது. அட்டையில் ஈ வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறார் ஓர் இளைஞர். பாட்டு எழுதியதும் பாடியதும் கித்தார் மீட்டியதும் அவரேதான். லண்டன்காரர். வயது 23. பெயர் ரிச்சர்ட் தாம்ப்சன்.

அதே மனிதரின் ஒரு பாட்டை ‘டைம்’ பத்திரிகை 2011-ல் என்ன செய்தது தெரியுமா? தான் பிறந்த 1923-ஆம் ஆண்டு முதல் வந்த பாடல்களில் தலைசிறந்த 100-ஐப் பொறுக்கி எடுத்தபோது அதில் இதையும் சேர்த்துக்கொண்டது! அது கித்தார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பாட்டு, ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிய பாட்டு. அந்த வண்டியின் கதைக்குப் பிறகு வருவோம். அது தனியாகவே பிரமிக்க வைக்கும்.

முதலில் தாம்ப்சன் இருந்த குழுவைப் பற்றி. ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லில் ஒரு வீட்டின் பெயர் ‘ஃபேர்போர்ட்’. குழுவில் ஒருவரான சைமன் நிக்கோலின் குடும்ப வீடு அது. பையன்கள் அங்கே கூடிப் பயிற்சி செய்தார்கள். வீட்டின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் கச்சேரி 1967 மே 27 அன்று, ஒரு தேவாலயக் கூடத்தில். அப்போது தாம்ப்சனுக்கு 18 வயது. அப்பா ஸ்காட்லாந்து யார்டில் துப்பறிவாளர். அவருக்கும் கித்தார் பிடிக்கும். ஜாங்கோ ரைன்ஹார்ட், லெஸ் பால் என்ற கித்தார்க் கலைஞர்களின் இசைத்தட்டுகள் வீட்டில் ஒலித்துக்கொண்டே இருக்குமாம். பையனுக்கோ சிறுவயதிலிருந்தே திக்குவாய்! பேச வாய் வராத பிள்ளைக்குக் கித்தார் பேசக் கிடைத்தது. பள்ளியில் அவர் சேர்த்த குழுவில் பேஸ் கித்தார் வாசித்த ஹியூ கார்ன்வெல் பின்னாளில் ‘தி ஸ்ட்ராங்ளர்ஸ்’ என்ற புகழ்பெற்ற பங்க் குழுவின் பாடகரானார் என்பது இன்னொரு ஆச்சரியம். பள்ளி முடிந்ததும் தாம்ப்சன் போய்ச் சேர்ந்தது வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்யும் பட்டறைக்கு. பகலில் கண்ணாடி, இரவில் கித்தார்.

1969 என்ற ஒரே ஆண்டில் அந்தக் குழு எத்தனை ஆல்பம் வெளியிட்டது? மூன்று! ஆனால் அந்த ஆண்டின் நடுவில் ஒரு பேரிடி விழுந்தது. மே 12 விடியலில், பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்து லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேன் எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். வயது 19. தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்ளினும் இறந்துபோனார். அவர் ஆடை வடிவமைப்பாளர். ‘கிரீம்’ குழுவில் இருந்த ஜாக் புரூஸ் அந்த ஆண்டு வெளியிட்ட தன் ஆல்பத்துக்கு ‘சாங்ஸ் ஃபார் எ டெய்லர்’ என்று பெயர் வைத்தாரே, அந்தத் தையல்காரர் ஜீனிதான்!

பிழைத்தவர்கள் குழுவைக் கலைத்திருக்கலாம். அவர்கள் ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய பெரிய வீட்டுக்குப் போனார்கள். தங்களுடைய முந்தைய பாட்டுகளை மறுபடி வாசிக்க மனம் வரவில்லை. நூற்றாண்டுகள் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களை எடுத்தார்கள். மின் கித்தார், பேஸ், டிரம்ஸ், ஃபிடில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ‘லீஜ் அண்ட் லீஃப்’ பிறந்தது. பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்று இன்று சொல்கிறோமே, அதற்குப் பிறந்த இடம் கேட்டால் பலரும் இந்த ஆல்பத்தைத்தான் கைகாட்டுவார்கள். துக்க வீட்டில் பிறந்த இசை அது என்று தெரிந்து கேட்டால் ஒவ்வொரு கதைப்பாடலும் வேறு மாதிரி கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு, 1971 ஜனவரியில், தாம்ப்சன் குழுவை விட்டு விலகினார். 21 வயது! நான்காண்டுக்குள் ஐந்து ஆல்பம் முடித்துவிட்டார். கையில் திட்டம் எதுவும் இல்லை. உள்ளுணர்வு சொன்னது, கிளம்பிவிட்டார்.

விலகியவர் சும்மா இருந்தாரா? குழுவில் இருந்தபோதே தொடங்கியதுபோல, பிறருடைய பதிவுகளுக்குக் கூலிக்குக் கித்தார் வாசித்தார். நிக் டிரேக் என்ற பாடகரைக் கேட்டிருக்கிறீர்களா? உயிரோடிருந்தபோது யாரும் அதிகம் கண்டுகொள்ளாமல், இறந்தபின் உலகமே தேடிக் கேட்கும் அந்தப் பாடகரின் ‘பிரைட்டர் லேட்டர்’ ஆல்பத்தில் வரும் மின் கித்தார் இவருடையது. ஃபேர்போர்ட்டின் ஒப்பற்ற பாடகி சாண்டி டென்னி தனியாகப் பாடவந்தபோது அவருக்கும் இவரே கித்தார். பிறகுதான் அந்த ‘ஈ’ ஆல்பம். விற்பனையில் விழுந்தது, விமர்சகர்களும் கைவிட்டார்கள். அதில் பின்னணி பாடிய லிண்டா பீட்டர்ஸ் மட்டும் கைவிடவில்லை. அதே 1972-ல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

இனி வரும் செய்தி என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து 1973 மே மாதம் ஓர் ஆல்பம் பதிவுசெய்தார்கள். சில நாட்களில் வேலை முடிந்தது. செலவு சுமார் 2,500 பவுண்டு. ஆனால் அது கடைக்கு வந்தது 1974 ஏப்ரலில். ஏன் தெரியுமா? அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின! இசைத்தட்டுக்கான வினைல் பெட்ரோலியத்திலிருந்து வருவது. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் வினைலுக்கும் தட்டுப்பாடு. மத்தியக் கிழக்கில் மூண்ட போர் லண்டனில் ஒரு தம்பதியின் பாட்டைக் கிடப்பில் போட்டுவிட்டது! ‘ஐ வான்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்’ என்ற அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் மான்செஸ்டரின் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் சில்வர் பேண்ட் ஊதியிருக்கிறது. உழைப்பாளிகளின் பித்தளை வாத்தியக் குழுவும் ராக் கித்தாரும் ஒரே பாட்டில்! தாம்ப்சனின் வாழ்நாள் படைப்பில் எது முதல் இடம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதற்குள் இன்னொரு திருப்பம். லண்டனில் சூஃபிகளைச் சந்தித்தார் தாம்ப்சன், இஸ்லாத்தைத் தழுவினார். தம்பதி சூஃபி சமூகத்தோடு போய் வாழ்ந்தார்கள். 1975-ல் வந்த ‘போர் டவுன் லைக் சில்வர்’ அட்டையைப் பாருங்கள், தலைப்பாகையோடு இருக்கிறார். பிறகு மின் கித்தாரையே ஒதுக்கிவைத்தார். சில ஆண்டுகள் இசைத்தொழிலை விட்டே விலகி நின்றார். குழுவை விட்டவர் இசையையும் விட்டுவிட்டார் என்றே ரசிகர்கள் நினைத்திருப்பார்கள். 1977-ன் கடைசியில், ஜூலி கோவிங்டன் என்ற பாடகியின் ஆல்பத்துக்கு வாசிக்க வருமாறு ஃபேர்போர்ட்டின் பழைய தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அழைத்தார். போனார். அங்கே வாசித்த அமெரிக்கக் கலைஞர்களோடு கை சேர்ந்தது, கித்தார் திரும்பிவந்தது. நம்பிக்கையையும் அவர் விடவில்லை, இன்றுவரை முஸ்லிமாகவே வாழ்கிறார்.

அந்த 1975 ஆல்பத்தில் ‘டிம்மிங் ஆஃப் தி டே’ என்றொரு பாட்டு உண்டு. காதலியிடம் பாடுவதா, கடவுளிடம் பாடுவதா என்று பிரித்தறிய முடியாத பாட்டு. அதைப் பிற்பாடு யார் பாடினார்கள் தெரியுமா? கிறிஸ்தவ நற்செய்திப் பாடகர்களான ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா! ஒரு சூஃபியின் பாட்டு அமெரிக்கத் தெற்கின் தேவாலயக் குரல்களில் அப்படியே பொருந்திவிட்டது. அமெரிக்கப் பாடகி போனி ரெய்ட்டும் அதைப் பாடியிருக்கிறார்.

விவாகரத்து ஆல்பம் என்று உலகம் சொல்லும் ஓர் ஆல்பம், விவாகரத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்றால் நம்புவீர்களா?

‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’, 1982. கதை 1980-லேயே தொடங்குகிறது. தம்பதிக்குப் பதிவு நிறுவனம் எதுவும் இல்லை. ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பாடிப் பெரும்புகழ் பெற்ற ஜெரி ராஃபர்ட்டி, தன் கைக்காசைப் போட்டு இவர்களுக்காக முழு ஆல்பத்தையும் தயாரித்துக்கொடுத்தார். எந்த நிறுவனமும் வாங்கவில்லை. எல்லாம் வீண்! 1981-ல் தாம்ப்சன் ‘எலிக்ஸர்’ என்ற பெயரில் சொந்தமாகவே இசைத்தட்டு வெளியிட்டார்: ‘ஸ்டிரிக்ட் டெம்போ’. பாட்டே இல்லாத வெறும் வாத்திய ஆல்பம் அது. டிரம்ஸ் தவிர மற்ற எல்லா வாத்தியமும் அவரே! அந்த ஆண்டு நவம்பரில் ஜோ பாய்ட் மறுபடி வந்தார். தன் சிறிய நிறுவனமான ஹானிபலுக்காக, ராஃபர்ட்டியோடு செய்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களில் புதிதாகப் பதிவுசெய்தார். ஆல்பம் வெளிவருவதற்குள் மணவாழ்க்கை முறிந்திருந்தது. ஆனாலும் அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஒப்புக்கொண்டாயிற்று. பிரிந்த இருவரும் ஒரே மேடையில், பிரிவைப் பற்றிய பாட்டுகளை இரவுதோறும் பாடினார்கள்! நேரில் கேட்டவர்கள் அந்த உக்கிரத்தை இன்னும் மறக்கவில்லை. பாட்டுகள் எழுதப்பட்டபோது வீடு வீடாகத்தான் இருந்தது. பாட்டுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதோ என்னவோ! 1980-களின் தலைசிறந்த 100 ஆல்பங்களை ‘ரோலிங் ஸ்டோன்’ வரிசைப்படுத்தியபோது இதற்கு ஒன்பதாம் இடம் கொடுத்தது.

இரண்டாவது முறையாக ஒரு ‘குழு’வை இழந்தார். இனி முழுக்கத் தனி.

இப்போது அந்த மோட்டார் சைக்கிள்!

இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் ஊரில் இருந்தது வின்சென்ட் தொழிற்சாலை. அங்கே பந்தயத்துக்கென்றே செய்த வண்டி ‘பிளாக் லைட்னிங்’. 998 சிசி எஞ்சின். மொத்தமே முப்பது சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். அதன் முன்னோடி வண்டியை 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் ஓட்டிய ரோலி ஃபிரீ என்பவர், காற்றுத் தடையைக் குறைக்க என்ன செய்தார் தெரியுமா? உடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீச்சல் ஜட்டியோடு, வண்டியின் முதுகில் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டினார்! மணிக்கு 150.313 மைல். நம் கணக்கில் ஏறக்குறைய 242 கிலோமீட்டர். உப்புத் தரையில், வெறும் உடம்போடு! அந்தப் புகைப்படத்தைப் பார்க்காத மோட்டார் சைக்கிள் பிரியர் உலகத்தில் இல்லை. 2018-ல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் ஒரு பிளாக் லைட்னிங் 9,29,000 டாலருக்குப் போனது.

தாம்ப்சனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அமெரிக்கப் பாட்டுக்காரன் ஒரு கார் பெயரையோ ஊர்ப் பெயரையோ சொன்னாலே பாட்டுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. பிரிட்டனில் அப்படி என்ன இருக்கிறது? யோசித்தவருக்குச் சிறுவயதில் பார்த்து வாய்பிளந்த வின்சென்ட் வண்டி நினைவுக்கு வந்தது. பிறகு அதைச் சுற்றிக் கதை வளர்ந்தது. ஜேம்ஸ் என்ற திருடன். செம்பட்டை முடியும் கறுப்புத் தோலுடையுமாக ரெட் மாலி என்ற பெண். அவளுக்கு வண்டி மேல் ஆசை, அவனுக்கு அவள் மேல். கடைசியில் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும் அவன் வண்டிச் சாவியை அவளிடம் கொடுக்கிறான். நாட்டுப்புறக் கதைப்பாடலின் அதே வார்ப்பு! குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் ஹாம்ப்ஷயரின் அந்தப் பழைய வீட்டில் ஃபேர்போர்ட்டோடு உட்கார்ந்து கற்ற வித்தையைத் தாம்ப்சன் தனியாளாக முழுமையாக்கியது இந்தப் பாட்டில்தான் என்பது என் முடிவு. 1991-ல் ‘ரூமர் அண்ட் சை’ ஆல்பத்தில் வந்தது: ‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’.

முதல்முறை கேட்பவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். இல்லை, ஒரே கித்தார்! ரகசியம் இதுதான். தடித்த இரண்டு கம்பிகளின் சுருதியை வழக்கத்தைவிட இறக்கி வைத்துக்கொள்கிறார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடித்த பிக் அந்தத் தாழ்ந்த கம்பிகளை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். மிச்ச விரல்கள் மேல்கம்பிகளில் மெட்டைக் கொத்தும். எஞ்சின் கீழே உறுமுகிறது, கதை மேலே ஓடுகிறது. அவருடைய மின் கித்தாரிலும் இதே குணம் உண்டு. ஸ்காட்லாந்துப் பேக்பைப்பில் ஒரே சுருதி அடியில் இடைவிடாமல் ஒலிக்குமே, நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, அந்த அடிச்சுருதியைக் கம்பிகளில் கொண்டுவந்தவர் இவர். அதனால்தான் அவர் காலத்துக் கித்தார்க்காரர்கள் எல்லோரும் அமெரிக்க புளூஸின் பின்னால் ஓடியபோது இவருடைய வாசிப்பு மட்டும் வேறு மண்ணிலிருந்து வந்ததுபோல ஒலித்தது.

பாட்டு அதோடு நிற்கவில்லை. கடல் தாண்டிப் போனது! அமெரிக்க புளூகிராஸ் இசையின் மூத்த பாடகர் டெல் மெக்கூரி 2001-ல் அதைத் தன் குழுவோடு பாடினார். தாம்ப்சன் பாட்டில் வரும் பாக்ஸ் ஹில், லண்டனுக்குத் தெற்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடம். மெக்கூரி அதை டென்னசியின் நாக்ஸ்வில் ஆக்கிவிட்டார்! கேட்டவர்கள் பலர் அதை அமெரிக்க மலைப்பாட்டு என்றே நம்பினார்கள். மறு ஆண்டு சர்வதேச புளூகிராஸ் சங்கம் ‘ஆண்டின் சிறந்த பாட்டு’ விருதை அதற்கே கொடுத்தது. பாட்டில் வரும் கற்பனைப் பெண்ணின் பெயரைத் தங்கள் குழுவுக்கே சூட்டிக்கொண்ட பாடகிகளும் உண்டு. அமெரிக்காவில் பாடும் அந்த மூவர் குழுவின் பெயர் ‘ரெட் மாலி’!

பெரிய நிறுவனமான கேப்பிட்டலோடு தாம்ப்சனின் உறவு 1999-ல் வந்த ‘மாக் டியூடர்’ ஆல்பத்தோடு முடிந்தது. ஐம்பது வயதில் மறுபடி நடுத்தெரு என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அவருக்கு அது விடுதலை. சிறு நிறுவனங்களோடு கைகோத்தார், சிலவற்றைத் தானே வெளியிட்டார், 2005-ல் ஓர் ஆல்பத்தைக் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே பதிவுசெய்தார்.

அந்த நாட்களின் சுவையான கதை ஒன்று. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ‘பிளேபாய்’ பத்திரிகை இசைக்கலைஞர்களிடம் ‘ஆயிரமாண்டின் சிறந்த பாட்டுகள்’ பட்டியல் கேட்டது. எல்லோரும் கடந்த ஐம்பது ஆண்டுப் பாட்டுகளைத்தான் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்த்தது. தாம்ப்சனோ கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டார்! ஆயிரம் என்றால் ஆயிரம். பதிமூன்றாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கோடைப்பாட்டு முதல் வரிசையாக எழுதி அனுப்பினார். பத்திரிகை அதைப் போடவில்லை. அவர் விடுவாரா? அதையே ஒரு மேடை நிகழ்ச்சியாக்கி ஊர் ஊராகப் போனார். மாதாகோவில் இசை, தெருப்பாட்டு, நாடகப்பாட்டு என்று நூற்றாண்டுகளைக் கடந்து வந்து கடைசியில் எதைப் பாடினார் தெரியுமா? பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘ஊப்ஸ்! ஐ டிட் இட் அகெய்ன்’! கிண்டலுக்கு அல்ல. மினுமினுப்பைச் சுரண்டிவிட்டால் அதற்குள் நல்ல மெட்டு இருக்கிறது என்று கித்தாரை வைத்து நிரூபித்துவிட்டார்.

சினிமாவிலும் அவர் கை உண்டு. அலாஸ்காவில் கரடிகளோடு பதின்மூன்று கோடைகள் வாழ்ந்து, கடைசியில் ஒரு கரடிக்கே இரையான திமோதி டிரெட்வெல்லின் கதையை வெர்னர் ஹெர்சாக் ‘கிரிஸ்லி மேன்’ என்று 2005-ல் ஆவணப்படமாக்கினார். அதன் இசை முழுவதும் இரண்டே நாளில் பதிவானது! ஹெர்சாக் பக்கத்திலேயே இருக்க, தாம்ப்சனும் கூட்டாளிகளும் அங்கேயே கற்பனையாக வாசித்தார்கள்.

இராக் போர் நடந்தபோது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பாக்தாத் நகரைச் செல்லமாகச் சுருக்கி ‘டாட்’ என்பார்களாம். அப்பாவுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 2007-ல் ‘டாட்ஸ் கானா கில் மீ’ என்று ஒரு சிப்பாயின் பாட்டை எழுதினார். அப்பா அடிப்பாரோ என்று நடுங்கும் பிள்ளையின் பேச்சுபோலத் தலைப்பு. உள்ளே பாக்தாத் தெருவில் சாவை எதிர்நோக்கி நிற்கும் பையனின் பயம். போர் பற்றிய எத்தனையோ பாட்டுகளில் இவ்வளவு சிக்கனமானது அரிது.

2011 புத்தாண்டு விருதுப் பட்டியலில் பிரிட்டிஷ் அரசு ஓபிஇ பட்டம் கொடுத்தது. கேளுங்கள், 2015-ல் வந்த ‘ஸ்டில்’ பிரிட்டிஷ் ஆல்பம் வரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 66 வயதில்!

குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லிண்டாவுக்குக் குரல்வளைத் தசைகள் கட்டுப்பாடின்றி இறுகும் நோய் வந்தது, பாடமுடியாமல் போயிற்று. 2014-ல் மகன் டெடி ஒரு காரியம் செய்தார். பிரிந்த அப்பா, அம்மா, சகோதர சகோதரிகள் எல்லோரிடமும் பாட்டு வாங்கி ‘ஃபேமிலி’ என்று ஒரே ஆல்பமாக்கினார். 2024-ல் லிண்டா தானே ஓர் ஆல்பம் வெளியிட்டார். பாட்டுகளை எழுதியது அவர், பாடியது எல்லாம் மற்றவர்கள். பிள்ளைகள் டெடியும் காமியும்கூடப் பாடியிருக்கிறார்கள். குரல் போன பாடகி பிறர் குரல்களில் பாடுகிறார்! அதே ஆண்டு தாம்ப்சனும் தன் 75-ஆம் வயதில் ‘ஷிப் டு ஷோர்’ என்ற புதிய ஆல்பத்தோடு வந்தார்.

விட்டுவந்த குழு? 1979-ல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் கிராப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்திக் கலைந்தது. அடுத்த ஆண்டே பழையவர்கள் கூடினார்கள்; அது ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் திருவிழாவாகிவிட்டது. தாம்ப்சன் பலமுறை வந்து வாசித்திருக்கிறார். விழாவின் கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றே: ‘மீட் ஆன் தி லெட்ஜ்’. பதின்பருவம் முடியுமுன் தாம்ப்சன் எழுதியது. வயல்வெளியில் நிற்கும் அத்தனை ஆயிரம் பேரும் சேர்ந்து பாடுவார்கள். அவருடைய தாயார் தன் இறுதிச் சடங்கில் மகன் இதைப் பாடவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார் என்றும், பாடினேன், அது எளிதாக இல்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

இன்றிரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் தாம்ப்சன் தனியாகக் கித்தாரோடு பாடும் ‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’. அது முடிந்ததும் டெல் மெக்கூரியின் நாக்ஸ்வில் வடிவம். இதே வரிசையில் கேளுங்கள்.